டிரான்சிஸ்டரில் கேட்ட சேலம்

முதல் நாள்: செவ்வாய்ப்பேட்டை

காலை 5 மணிக்குச் சேலம் சந்திப்பில் இறங்கினேன். தோள்பையில் இரண்டு சட்டைகள், ஒரு குறிப்பேடு, எட்டு பேட்டரிகள், கைக்கு அடக்கமான ஒரு டிரான்சிஸ்டர். நான் 1990களில் ஆறு ஆண்டுக்காலம் தமிழகத்து வானொலி நிலையம் ஒன்றில் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தவன். 'நம் பகுதி நேயர்களுக்காக' என்று ஒவ்வொரு பணிமுறையிலும் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அந்தப் பகுதி எந்த ஊரில் தொடங்கி எந்த ஊரில் முடிகிறது என்பதை ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. சேலம் பக்கத்திலிருந்து வரும் அஞ்சலட்டைகளில் மட்டும், 'இன்று உங்கள் நிலையம் சரியாக எடுக்கவில்லை' என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த அட்டைகளுக்குப் பதில் எழுதும் வழக்கம் எங்கள் நிலையத்தில் இல்லை. இந்தப் பயணத்தை அவற்றுக்கான தாமதமான பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

விடுதி அறையில் 5.55க்கு முன்பே பெட்டியைத் திருகிவிட்டேன். முதலில் கிடைத்தது இரைச்சல்தான். இன்றைய எல்.இ.டி. விளக்குகளும் செல்பேசிச் சார்ஜர்களும் மத்திய அலையில் ஈக்கூட்டம் போல மொய்த்துக்கொள்கின்றன என்பதால், விளக்கை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, இருட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மத்திய அலையைப் பிடிக்கும் ஃபெரைட் தண்டு பெட்டிக்குள்ளேயே படுத்திருக்கிறது. பெட்டியைத் திருப்பினால் அதுவும் திரும்பும். தென்கிழக்கே இருக்கும் திருச்சிக்கு 936 கிலோஹெர்ட்ஸில் ஒரு கோணம், தென்மேற்கே இருக்கும் கோவைக்கு 999இல் வேறொரு கோணம். இரண்டையும் பிடித்தேன். வால்டர் காஃப்மன் 1936 வாக்கில் அமைத்ததாகச் சொல்லப்படும் அகில இந்திய வானொலியின் அந்தத் தம்புரா, வயலின் முகப்பிசை, அதன் பின் வந்தே மாதரம், அதன் பின் நாகசுரம் என்று வரிசை மாறாமல் வந்தது. பண்பலைக்கு மாறினால் தருமபுரி நிலையம் கண்ணாடி போலக் கேட்டது.

ஆகச் சேலத்துக்காரர் ஒருவர் தம் ஊர்ச் செய்திக்காக மூன்று திசைகளில் செவி வைக்கிறார். இது வானொலி வளர்ந்த வழியில் நேர்ந்தது. சென்னையில் 1924இல் ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு வானொலிச் சங்கம் தொடங்கினார்கள்; 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது; அகில இந்திய வானொலியின் நிலையம் சென்னையில் 1938இலும், திருச்சியில் 1939இலும் வந்தது. கோவை நிலையம் 1966இல்தான். அதுவரை ஒரு தலைமுறைக்குச் சேலத்தின் வானொலி என்றால் காவிரியின் தென்கரையிலிருந்து பேசும் திருச்சிதான். அதன் நினைவெல்லாம் நெல்லும் வாய்க்காலும் கர்நாடக இசையும். மேட்டுக்காட்டு மரவள்ளிக்கும், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும், தறிச் சத்தத்துக்கும் அதில் கிடைத்த நேரம் கொஞ்சமே.

ஏழு மணிக்குச் செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்தேன். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற பேட்டை. லீ பஜாரின் மளிகை மண்டிகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. மஞ்சள் மூட்டைகளின் நெடி மூக்கில் ஏறியது. ஒரு தேநீர்க் கடையில் பழைய பெட்டி ஒன்று சன்னமாகப் பாடிக்கொண்டிருந்ததைக் கண்டு உட்கார்ந்தேன். வானொலியில் விலை நிலவரம் கேட்பார்களா என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"விலையெல்லாம் இப்ப வாட்ஸ்அப்புல வந்துருதுங்க சார். இது பாட்டுக்கும் மேட்டூர் தண்ணிக்கும் போடறதுதான்."

மேட்டூர்த் தண்ணீருக்கு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எழுந்திருக்க மனமில்லை. இன்னொரு தேநீர் சொன்னேன். தமிழ்நாட்டு வானொலி கொடுத்த உள்ளூர்ச் செய்திகளிலேயே மிகச் சுருக்கமானதும் மிக நீண்ட காலமாக வருவதும் அந்த ஒற்றை வரிதான்: 'மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று காலை நிலவரப்படி இத்தனை அடி.' 1934இல் கட்டி முடிந்த அணை, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறக்க வேண்டும் என்பதால், மே மாதம் முழுவதும் தஞ்சாவூர்ப் பக்கத்தில் அந்த எண்ணுக்காகவே பெட்டியைத் திறப்பார்கள். 1960களில் அதே பகுதியில் பரவிய ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது; திருச்சி வானொலியின் உழவர் நிகழ்ச்சி அதை அவ்வளவு தூரம் கொண்டு சேர்த்திருந்தது. அங்கே வானொலிக்கு ஒரு நெல் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் அணை இருப்பது சேலம் மாவட்டத்தில். நீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய ஊர்களின் நந்தியும், பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தலைகாட்டும். அங்கே வலை வீசுகிறவருக்கு அந்த எண் வேறு ஒன்றைச் சொல்கிறது. ஊரை விட்டு எழுந்து வந்த குடும்பத்தின் பேரனுக்கு இன்னொன்றைச் சொல்கிறது. நான் அந்த வரியை ஆயிரம் முறையாவது வாசித்திருப்பேன். வாசித்தபோதெல்லாம் என் மனத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர் கல்லணைக்குக் கீழே இருக்கும் ஒரு நெல் விவசாயி மட்டுமே.

இரண்டாம் நாள்: குகை

ஆடி மாதம் சேலத்துக்குத் திருவிழா மாதம். கோட்டை மாரியம்மன் கோயிலில் தொடங்கி, நகரத்து மாரியம்மன் கோயில்கள் எல்லாவற்றிலும் அடுத்தடுத்துப் பூச்சாட்டும் பொங்கலும் நடக்கின்றன. குகையிலும் அம்மாப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை உண்டு. புராண வேடமிட்டவர்கள் சோடித்த வண்டிகளின் மேல் அசையாமல் நிற்க, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வரும்; பார்க்கிறவர்கள் மாடிகளிலும் மதில்களிலும் தொற்றிக்கொண்டிருப்பார்கள்.

இதை வானொலியில் எப்படிச் சொல்வது என்று இன்று மாலை முழுவதும் கூட்டத்தில் நசுங்கியபடி யோசித்தேன். நேர்முக வர்ணனை என்பது எங்கள் தொழிலின் கடினமான பாடம். தேரோட்டத்துக்கு வடம் இருக்கிறது, முட்டுக்கட்டை இருக்கிறது, நகர்வு இருக்கிறது. வர்ணிப்பவர் அந்த நகர்வின் மேல் ஏறிக்கொள்ளலாம். வண்டி வேடிக்கையிலோ வேடமிட்டவர் அசைவதில்லை. பழைய பாணி வர்ணனையாளர், 'இதோ, கண்கொள்ளாக் காட்சி!' என்று நாலு முறை சொல்லிவிட்டுத் தலபுராணத்துக்குள் நுழைந்துவிடுவார். எனக்குக் கேட்டது வேறு: வண்டிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரின் உறுமல், மின்கம்பியை மூங்கில் கழியால் தூக்கிப் பிடிப்பவரின் 'பார்த்து, பார்த்து' என்ற குரல், கைலாசத்தில் அமர்ந்திருந்த சிறுவன் கீழே நின்ற தாயிடம் தண்ணீர் கேட்டது, அதற்கு அவர், "கண்ணு, இன்னொரு தெரு பொறுத்துக்கடா" என்று பதில் சொன்னது. அந்த ஒரு நிமிடத்தைப் பதிவு செய்திருந்தால், வர்ணனையே வேண்டியதில்லை.

பம்பைச் சத்தத்தில் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ஓமலூருக்கு உள்ளே ஒரு சிற்றூரில் நடந்த தெருக்கூத்தைப் பதிவு செய்யப் பதிவுக்குழுவோடு என்னையும் அனுப்பியிருந்தார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கிய கூத்து விடியும் வரை நடந்தது. மிருதங்கமும் முகவீணையும் தாளமும் சேர்ந்த அந்த ஒலியைப் பிடிக்க ஒரே மைக்தான் இருந்தது. பதிவுப் பொறியாளர் அதைப் பந்தல் கம்பில் கட்டித் தொங்கவிட்டார். நிலையத்துக்குத் திரும்பிய பிறகு, ஏழு மணி நேரக் கூத்தை 28 நிமிடமாக்கும் வேலை என்னிடம் வந்தது. அந்தக் காலத்தில் வெட்டுவது என்றால் உண்மையிலேயே வெட்டுவது: நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, பிளேடால் சாய்வாக நறுக்கி, ஒட்டுநாடாவால் சேர்க்க வேண்டும். நான் பாட்டுகளை வைத்துக்கொண்டேன். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேசியதையெல்லாம் தரையில் தள்ளினேன். அவன் அந்த ஊர்ப் பஞ்சாயத்துக் குழாயைப் பற்றியும், தண்ணீர் வராத தெருவைப் பற்றியும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதரைப் பற்றியும் கேலி பேசியிருந்தான். 'பொது ஒலிபரப்புக்கு அது வேண்டாம், தம்பி' என்று மேலே இருந்தவர் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

உள்ளூர்ச் செய்தி, உள்ளூர் நகைச்சுவை, உள்ளூர் வழக்கு மூன்றும் ஒரே ஆளின் வாயிலிருந்து வந்தவை. அவற்றை வெட்டிவிட்டு, எந்த ஊரிலும் பாடக்கூடிய பாட்டை மட்டும் 'நாட்டுப்புற இசை' என்ற தலைப்பில் ஒலிபரப்பினோம். பின்னர் நாடாத் தட்டுப்பாட்டில் மூலப் பதிவும் அழிக்கப்பட்டு, அதன் மேல் வேறொரு கருத்தரங்கு ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பதில் தட்டுவடை செட். இரண்டு சிறிய தட்டைகளுக்கு இடையில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், ஒரு பக்கம் பச்சைச் சட்னி, மறுபக்கம் சிவப்புச் சட்னி. வாயில் போட்டால் முதலில் நொறுங்கும் சத்தம்தான். சுவை பிறகே வரும். சமையல் நிகழ்ச்சிக்கு இதைவிட ஒலியுள்ள தின்பண்டம் கிடைக்காது. எங்கள் மாதர் நிகழ்ச்சியில் சமையல் குறிப்பு என்றால் 'தேவையான பொருள்கள்' என்று தொடங்கி, எழுதிக்கொள்ளும் வேகத்தில், தட்டாமல் சிந்தாமல் வாசிப்போம். எண்ணெய் கொதிக்கும் சத்தத்தை நிகழ்ச்சியில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. தள்ளுவண்டிக்காரப் பெண்மணியிடம் சிவப்புச் சட்னிக்கு என்ன அளவு என்று கேட்டேன்.

"அளவெல்லாம் எங்க வெக்கறதுங்கண்ணா. மொளகா இன்னைக்கு எப்படி இருக்குதோ அப்படி."

மூன்றாம் நாள்: வளைவுகளில்

காலைப் பேருந்தில் ஏற்காடு. அடிவாரத்துக்குப் போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கி, படப்பிடிப்பு முதல் ஒலிப்பதிவு வரை எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்குள் வைத்து, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம். பேருந்து அதைக் கடக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. வானொலிக் கதையில் இந்த வளைவுக்கு ஒரு வேடிக்கையான இடம் உண்டு. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கினார். சாஸ்திரிய இசையே மக்களின் செவியைத் திருத்தும் என்பது அவர் எண்ணம். நேயர்கள் செவியைத் திருத்திக்கொள்ளவில்லை, முள்ளைத் திருத்தி இலங்கை வானொலியில் வைத்தார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்க வேண்டி வந்தது அதன் பிறகுதான். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் சேலத்து மலையடிவாரத்தில் எடுத்த படத்தின் பாட்டு, கடலைத் தாண்டிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து சேலத்துத் தேநீர்க் கடைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னலோரத்தில் காதுப்பொறியோடு உட்கார்ந்து, முள்ளைத் தருமபுரியில் நிறுத்திவைத்தேன். பண்பலை பார்வைக்கோட்டில் செல்வது. மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். மத்திய அலையைப் போல மங்கிக் கரகரத்து, இரண்டு நிலையங்கள் கலந்து பேசும் வழக்கமும் அதற்கு இல்லை. ஒரே அலைவரிசையில் இரண்டு வந்தால், வலுவானது மற்றதை முழுதாக விழுங்கிவிடும். இது பாடமாகப் படித்தது. காதால் அறிந்தது இன்றுதான். நாலாம் வளைவு வரை ஒருவர் நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவது பற்றித் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். ஐந்தாம் வளைவில் பாறை குறுக்கிட்டதும் வாக்கியத்தின் நடுவே வெற்றிரைச்சல். ஆறில் மறுபடியும் அவர். அதற்குள் ஜிப்சம் முடிந்து களையெடுப்புக்கு வந்துவிட்டார். பேருந்து சேலத்தைப் பார்த்துத் திரும்பும் வளைவில் தனியார் நிலையங்களின் விளம்பரங்கள் ஏறின. மலையைப் பார்த்துத் திரும்பும்போது இறங்கின. பதினைந்தைத் தாண்டி மேலே எழுந்ததும், இதுவரை கேளாத தூரத்து நிலையங்கள் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. கன்னடத்தில் ஒரு பெண் சிரித்தார். ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் எல்லோரையும் கேட்க முடிகிறது, ஒருவரை உறுதியாகப் பிடித்துவைக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர், நான் பெட்டியை ஜன்னலில் ஆட்டுவதைக் கண்டு, செவியில் ஏதோ கோளாறு என்று எண்ணி இஞ்சி மிட்டாய் கொடுத்தார்.

ஏரிக்கரையில் சுற்றுலாக் கூட்டம். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஊருக்கு வெளியே, எனக்குத் தெரிந்தவரின் உறவினர் எழுத்தராக இருக்கும் காப்பித் தோட்டத்தில் தங்கல். 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் காப்பி, இன்று வெள்ளியோக் மரங்களின் நிழலில், மிளகுக்கொடிகளுக்குக் கீழே வளர்கிறது. ஆடியில் காய் பச்சையாகத்தான் இருக்கிறது; பறிப்பு கார்த்திகை, மார்கழியில்.

தோட்டத்து வேலைக்கு வரும் பலர் சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள். பெயரைக் கேட்டுக் கீழ்நாட்டவர் குழம்புவார்கள். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் மலைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள் என்பது அவர்கள் வழக்குக் கதை. உச்சிக் குகையில் சேர்வராயனோடு காவேரியம்மனும் இருக்கிறாள்; வைகாசித் திருவிழாவுக்குச் சுற்றுமலைகளிலிருந்தெல்லாம் கூட்டம் ஏறி வரும். எங்கள் நிலையத்து நாடாக் கிடங்கில் இவர்களுடைய பாட்டுகள் அடங்கிய ஒரு பெட்டி இருந்தது. மேலே ஒட்டிய சீட்டில் 'மலைவாழ் மக்கள் பாடல்கள், 14 நிமிடம்' என்று மட்டும் எழுதியிருந்தது; எந்த மலை, எந்த ஊர், பாடியது யார் என்ற விவரம் இல்லை. நிரலில் இடைவெளி விழும்போதெல்லாம் நான் அதைத்தான் எடுத்துப் போடுவேன்.

நான்காம் நாள்: மழைமானி

இரவு முழுதும் மழை. எழுத்தர் ஐயாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. அவருடைய அறையில் ஒரு வானொலிப் பெட்டியும் அதன் அருகே நீள்சதுரக் கணக்கேடு ஒன்றும் இருந்தன. ஏட்டில் நாள்தோறும் மழையளவு, பென்சிலில். காப்பித் தோட்டக்காரர்கள் இன்றும் அங்குலக் கணக்கில்தான் பேசுகிறார்கள். அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு 'சென்ட்'. மாசி, பங்குனியில் பூ மலர்வதற்கு வேண்டிய மழை ஒரு நாள் தள்ளிப் பெய்தாலும் அந்த ஆண்டின் மகசூல் மாறிவிடும் என்பதால், இந்த ஏடு அவருக்கு ஜாதகம் போன்றது.

ஒவ்வொரு நாளுக்கும் எதிரே இரண்டு எண்கள் இருப்பதைக் கவனித்து, இரண்டாவது எதற்கு என்று கேட்டேன்.

"அது ரேடியோக்காரன் சொல்றதுங்க. அவன் மில்லிமீட்டர்ல சொல்லுவான், நான் சென்டாக்கிப் போட்டுக்கறது. ரெண்டும் ஒத்து வந்த நாளு விரல் விட்டு எண்ணலாம்."

அதில் வானொலியின் குற்றம் எதுவும் இல்லை. வானிலைத்துறை ஓரிடத்தில் வைத்திருக்கும் மழைமானியில் காலை 8.30 வரையான 24 மணி நேர மழையை அளக்கிறது; அறிவிப்பாளர் அதை 'ஏற்காடு' என்ற ஒரே பெயரில் வாசிக்கிறார். மலையிலோ ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் தூறும். "அவங்க ஏற்காடு வேற, எங்க ஏற்காடு வேறங்க" என்றார். பிறகு ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்டது அவருக்கு வினோதமாக இருந்திருக்க வேண்டும். தம் மானியில் விழுந்ததை அறிய வானொலி தேவையில்லை, மற்றவர்களுக்கு எவ்வளவு விழுந்தது என்று அறியத்தான் வேண்டும் என்று, குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்.

விடுமுறைக்கு வந்திருந்த அவர் பேரன், இதற்குப் பெட்டியே வேண்டாம் என்று சொல்லி, 'நியூஸ் ஆன் ஏர்' செயலியைச் செல்பேசியில் திறந்து காட்டினான். ஆகாசவாணியின் நிலையங்கள் இருநூறுக்கும் மேல் அதில் வரிசையாக நிற்கின்றன. திருச்சியும் கோவையும் தருமபுரியும் எந்த மலைக்குப் பின்னாலும் ஒரே தெளிவோடு வரும், டவர் கிடைத்தால். பெட்டியையும் செல்பேசியையும் ஒரே நிலையத்தில் வைத்து அருகருகே கேட்டோம். மணி காட்டும் பீப் ஒலி பெட்டியில் அடித்து ஓய்ந்து, அறிவிப்பாளர் நேரம் சொல்லி முடித்த பிறகு, செல்பேசியில் அதே பீப் சாவகாசமாக வந்தது. இணையம் சுற்றி வருவதால் ஏற்படும் தாமதம். தாத்தா சிரித்துவிட்டார்.

"உன் ரேடியோல எட்டு மணி லேட்டா ஆவுதுடா."

எட்டரைக்கு அவர் குடையோடு முற்றத்துக்கு இறங்க, நானும் பின்னால் போனேன். வட்டப் புனல் போட்ட தகரக் குழாய், உள்ளே ஒரு குடுவை. குடுவை நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்மட்டத்துக்கு உயர்த்தி, இடது கண்ணை மூடிப் பார்த்து, "ஒரு இஞ்சு இருபது சென்ட்" என்றார். வானொலி நிலையத்தில் நான் பார்த்த எந்தச் செய்தி ஆசிரியரும் ஓர் எண்ணை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

வானொலியின் எண் அதற்குரிய நேரத்தில், மேட்டூர் நீர்மட்டத்துக்குப் பிறகு வந்தது. அவருடைய கணக்கில் பாதிகூட இல்லை. பெருக்கி வகுத்துச் சென்டாக்கி, முதல் எண்ணுக்கு அருகே எழுதினார். பிறகு எதையோ யோசித்து, மேட்டூர் எத்தனை அடி என்று சொன்னார்கள் என என்னிடம் கேட்டார். மழைக் கணக்கிலேயே கவனமாக இருந்த நான் அதைக் கேட்கத் தவறிவிட்டேன். பேரன் செல்பேசியை எடுத்தான்; அதில் அந்த வரி இன்னும் வந்துகொண்டிருந்தது.